மழை முந்துமா, கூரை முந்துமா: சிங்கப்பூர் வீட்டில் தானியங்கித் தொலைநோக்கிக் கூடம்

மாதத்துக்கு ஐந்து இரவு, இரவுக்கு நான்கு மணி நேரம் தெளிந்த வானம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 720 மணி நேரம் கொண்ட மாதத்தில் கூரை திறந்திருப்பது 20 மணி நேரம். மிச்சம் 700 மணி நேரமும் தொலைநோக்கி மூடிய கூண்டுக்குள் வெக்கையிலும் ஈரத்திலும் உட்கார்ந்திருக்கும். அதனால் சிங்கப்பூரில் எந்த வகைக் கூடம் என்று முடிவு செய்யும்போது இரண்டு கேள்விகள் முன்னால் வர வேண்டும். மழை வருகிறது என்று தெரிந்ததிலிருந்து எத்தனை நொடியில் மூடும்? மூடிய பிறகு உள்ளே எவ்வளவு உலர்வாக இருக்கும்? வானம் எவ்வளவு அகலமாகத் தெரியும், பார்க்க எவ்வளவு அழகாக இருக்கும் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

1991 முதல் 2020 வரையிலான சராசரிப்படி இங்கே ஆண்டுக்கு 2,113 மில்லிமீட்டர் மழை, 171 மழை நாள். எண்ணிக்கையைவிட மழை வரும் விதம்தான் கவலை தருவது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன், சுமத்ராவில் உருவாகும் சூறைக்காற்று ஒரு நீண்ட கோடாக மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும். அதன் வீச்சு மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர். நள்ளிரவில் பளிச்சென்று இருந்த வானத்தை நம்பி வீட்டார் தூங்கிவிட்ட பிறகு, நாலு மணிக்கு வந்து நிற்கும். தானியங்கி என்ற சொல்லுக்கு இந்த ஊரில் முதல் பொருள், யாரும் எழுந்திருக்காமலே கூரை மூடிக்கொள்வது. படம் எடுப்பது இரண்டாவது.

எதைப் படம் எடுக்கப் போகிறோம் என்பதும் வகையைத் தீர்மானிக்கும். 2016இல் வெளியான உலக ஒளிமாசு வரைபடத்தின்படி வானம் மிக அதிகமாக வெளிச்சமடைந்த நாடு சிங்கப்பூர். கண் இருட்டுக்கு முழுமையாகப் பழகவே முடியாத வெளிச்சத்தில்தான் இங்கே எல்லோரும் வாழ்கிறோம். மங்கலான விண்மீன் மண்டலங்களை (கேலக்ஸிகளை) வீட்டிலிருந்து எடுக்க நினைப்பது வீண் உழைப்பு. ஹைட்ரஜன்-ஆல்பா, ஆக்சிஜன்-3 என்ற இரு குறுகிய அலைவரிசைகளை மட்டும் விடும் இரட்டைப்பட்டை வடிகட்டி போட்டால் ஓரியன், கரினா போன்ற ஒளிரும் வாயு நெபுலாக்கள் நன்றாகவே வரும். பழைய சோடியம் விளக்குகளுக்காகச் செய்த அகலப்பட்டை வடிகட்டிகள் எல்ஈடி தெருவிளக்குகளின் முன் பெரிதாக உதவாது; அவற்றுக்குக் காசு போட வேண்டாம்.

கோள்களுக்கோ இது அருமையான இடம். நிலநடுக்கோட்டுக்கு அருகில் உயரத்து ஜெட் காற்று வலுவாக வீசுவதில்லை. பல இரவுகளில் வியாழனின் பட்டைகள் நடுங்காமல் நிற்கும், கோள்களும் உச்சி வானத்தை ஒட்டியே போகும். பிலிப்பைன்ஸின் செபு நகரத்திலிருந்துதான் கிறிஸ்டஃபர் கோ 2006இல் வியாழனின் வெள்ளை நீள்வட்டப் புயல் ஒன்று சிவப்பாக மாறியதைக் கண்டறிந்தார். நகர வெளிச்சம் கோள் படங்களைக் கெடுப்பதில்லை.

வீவக வீட்டிலிருந்தால்

வீவக வீட்டில், அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடியில், கட்டுமானம் என்ற பேச்சே எழாது. பொது நடைவழி தீ பிடித்தால் வெளியேறும் பாதை. அங்கே தூணும் பெட்டியும் பொருத்த முடியாது. சன்னலுக்கு வெளியே கருவியைத் தொங்கவிடுவது கீழே நடப்பவர் உயிரோடு விளையாடுவது. ஆக, கையில் தூக்கிப் போகும் ஸ்மார்ட் தொலைநோக்கி ஒரு வழி, வெளிநாட்டில் இருக்கும் கருவியை வாடகைக்கு எடுப்பது மற்றொரு வழி.

ஸீஸ்டார் எஸ்50 போன்றவை இரண்டரைக் கிலோதான். வானத்தைப் படம்பிடித்துத் தன் இடத்தைத் தானே கண்டுபிடிக்கும். இரட்டைப்பட்டை வடிகட்டியும் பனிநீக்கும் சூடேற்றியும் உள்ளேயே இருக்கின்றன. ஆனால் நிலநடுக்கோட்டுக்கே உரிய ஒரு குறை உண்டு. மேலும் கீழும், இடமும் வலமும் மட்டும் நகரும் கருவியில் படப்புலம் மெல்லச் சுழலும். அந்தச் சுழற்சி அட்சரேகையின் கொசைனைப் பொறுத்தது என்பதால் நம் ஊரில்தான் அது உச்சம். நேர் வடக்கிலோ தெற்கிலோ 60 டிகிரி உயரத்தில் மணிக்கு 30 டிகிரி சுழலும். 10 நொடிப் படத்தின் மூலையில் உள்ள விண்மீன் ஒன்றரைப் பிக்சல் இழுபடும். அதே கருவியை நேர் கிழக்கிலோ மேற்கிலோ திருப்பினால் சுழற்சி ஏறக்குறைய பூஜ்யம். கிழக்கில் 25 முதல் 65 டிகிரி உயரத்தில் இருக்கும் பொருளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் போதும். உச்சியைச் சுற்றிப் பத்து டிகிரியை விட்டுவிடுங்கள். ஓரியனின் இடுப்புப்பட்டை நம் தலைக்கு நேர் மேலே போகும்போது கருவி அதைத் துரத்த முடியாமல் திணறும்.

இந்தக் கருவிகளின் நடுவரை முறையை, அதாவது அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்துப் படச் சுழற்சியைத் தவிர்க்கும் முறையை, பயன்படுத்தலாமே என்று தோன்றும். சிங்கப்பூர் 1.3 டிகிரி வடக்கில் இருக்கிறது. கருவியைக் கிட்டத்தட்ட 89 டிகிரி சாய்க்க வேண்டும், அதாவது படுக்கவைக்க வேண்டும். சாதாரண முக்காலியில் அப்படி வைத்தால் கவிழும். பார்த்து முடித்ததும் டிரை கேபினட் எனும் ஈரம் நீக்கும் அலமாரியில் 45 சதவீத ஈரப்பதத்தில் வைத்துவிட்டால், இந்த ஊரில் மிகக் குறைவாகப் பழுதாகும் ஏற்பாடு இதுதான்.

தரைவீட்டில் மூன்று வகை

தரைவீடு இருப்பவர்களுக்கு மூன்று வகை உண்டு: குவிமாடம், நகரும் கூரை, தூண்மேல் பெட்டி. மூன்றுக்கும் பொதுவான ஒரு வார்த்தை. சுவரும் கூரையும் வைத்துத் தரையோடு பொருத்திய எதுவும் கட்டுமானமாகக் கணக்கில் வரலாம். நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் எல்லை இடைவெளி விதிகளையும், கட்டட, கட்டுமான ஆணையத்தின் விதிகளையும் ஒரு தகுதிபெற்ற வல்லுநரிடம் வரைபடத்தோடு கேட்டுத் தெளிந்த பிறகு சிமெண்ட் கலக்கவும்.

குவிமாடத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் நாங்கள் அதைப் பரிந்துரைக்கவில்லை. பக்கத்து வீட்டு வாசல் விளக்கை அது மற்ற எதையும்விட நன்றாக மறைக்கும் என்பது உண்மை. ஆனால் மாடத்தில் வானம் பார்க்க விட்டிருக்கும் பிளவைத் தொலைநோக்கியோடு சேர்த்துச் சுழற்ற ஒரு மோட்டார், ஷட்டருக்கு இன்னொரு மோட்டார், சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கத் தனி மின்கலம் என்று பழுதாகக்கூடிய உறுப்புகள் கூடிக்கொண்டே போகும். சிறிய குவிமாடங்கள் பலவற்றில் ஷட்டர் உச்சியைச் சற்றே தாண்டித்தான் திறக்கும். நமக்கு வேண்டிய கோள்களோ உச்சியில்தான் இருக்கின்றன. சூறைக்காற்றில் மழை கிடைமட்டமாக அடிக்கும்போது, சுழலும் மாடமும் நிலையான சுவரும் சேரும் பாவாடை இடுக்கு வழியே தண்ணீர் உள்ளே ஏறும். குளிர்காற்றும் பனியும் உள்ள ஊருக்கு ஏற்ற வடிவம் அது.

நகரும் கூரை

8 அங்குலமோ அதற்கு மேலோ உள்ள தொலைநோக்கியை வைத்துக் கோள்களைப் படமெடுப்பவருக்கு இதுவே சரி. உள்ளளவு 2.4 மீட்டருக்கு 2.4 மீட்டர் இருந்தால் நடமாடலாம். கூரை நகர்ந்து நிற்க இன்னும் 2.4 மீட்டர் வேண்டும், மொத்தம் 4.8 மீட்டர். 6 மீட்டர் அகல வரிசை வீட்டின் பின்புறத்தில் இது அகலவாக்கில்தான் அடங்கும், அதுவும் எல்லை இடைவெளி இடம் கொடுத்தால். கூரையை இரண்டாகப் பிளந்து இரு பக்கமும் விலக்கும் வடிவத்தில் நேரம் பாதியாகும். நடு மூட்டில் மட்டும் எப்படியும் ஒருநாள் ஒழுகும். ஒரே கூரையாகச் செய்வதுதான் நல்லது.

வெளிநாட்டு வரைபடங்களில் சுவர் தாழ்வாக இருக்கும். அடிவானம்வரை தெரிய வேண்டும் என்பதற்காக. அதை அப்படியே நகலெடுக்காதீர்கள். தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்டின் இரண்டு அச்சுகளும் சந்திக்கும் புள்ளியிலிருந்து கருவியின் கடைசி நுனிவரை அளந்தால், பனிக்காப்புக் குழாய் மாட்டிய 8 அங்குலக் கருவிக்கு 75 சென்டிமீட்டர் வைத்துக்கொள்ளலாம். அந்தப் புள்ளியைத் தரையிலிருந்து 1.2 மீட்டரில் நிறுத்தி, கூரையின் அடிவிளிம்பை 2 மீட்டரில் வைத்தால், தொலைநோக்கி எந்தத் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் கூரை அதில் இடிக்காமல் மூடும். இழப்பு, 34 டிகிரிக்குக் கீழுள்ள வானம். சிங்கப்பூரில் அந்த வானத்தில் இருப்பவை அடுக்குமாடி, புகைமூட்டம், விளக்கு. அண்டை வீட்டாருக்கும் தங்கள் சன்னலை யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்ற நிம்மதி கிடைக்கும்.

கிடைக்கும் லாபம் நேரம். தாழ்ந்த சுவர் என்றால் முதலில் கருவியைப் படுக்கவைத்தாக வேண்டும்: நொடிக்கு 3 டிகிரி வேகத்தில் 120 டிகிரி திரும்ப 40 நொடி, படுத்துவிட்டதா என்று உணரி உறுதி செய்த பிறகு கூரை நகர 12 நொடி. உயர்ந்த சுவரில் அந்தக் கடைசி 12 நொடி மட்டுமே. அதைவிட முக்கியமானது, கணினி உறைந்து மவுண்ட் அசையாமல் நின்றுவிட்டாலும் கூரை மூடும் என்பது.

கூரையை இழுக்க வீட்டு வாசல் ஆட்டோகேட் மோட்டாரே போதும். பல்சட்டத்தில் ஓடும் வகை, 24 வோல்ட் டிசி, கூடவே மின்கலம். 230 வோல்ட் ஏசி மோட்டாரை வாங்கினால் இடியில் மின்சாரம் போன அதே நிமிடத்தில் கூரை திறந்தபடி நிற்கும். ஆட்டோகேட் பலகைகளில் இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, ஒரே பொத்தான் முறை: ஒரு தட்டில் திற, அடுத்த தட்டில் நில், அடுத்ததில் மூடு. கணினி இயக்கும் சுவிட்சான ரிலேயின் ஒரு துடிப்பு தவறினால், மூடச் சொன்னோம் என்று மென்பொருள் நினைத்துக்கொண்டிருக்கும்போது கூரை திறந்துகொண்டிருக்கும். திறக்கத் தனி, மூடத் தனி உள்ளீடு உள்ள பலகையைத்தான் வாங்க வேண்டும். இரண்டாவது, தடை பட்டால் தானே பின்வாங்கும் வசதி. குழந்தை கை சிக்காமலிருக்க வாசலுக்கு அது அவசியம். கூரையில் ஒரு காய்ந்த இலை சக்கரத்தில் சிக்கினாலே மழையில் மறுபடி திறந்துவிடும். எனவே பின்வாங்குவதை அணைத்து, நின்று எச்சரிக்கும்படி வைத்து, ஆள் உள்ளே இருக்கும்போது மோட்டாரைத் துண்டிக்கும் சுவிட்சை வாசலருகே மாட்டவும். தானாக மூடும் நேரக்கணிப்பி அந்தப் பலகையில் இருந்தால் அது வரம்: கணினி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "நான் உயிரோடிருக்கிறேன்" என்று சொல்லி நேரத்தைப் புதுப்பிக்கட்டும், சொல்லத் தவறினால் கூரை மூடட்டும்.

தண்டவாளத்துக்கு 40 மில்லிமீட்டர் துத்தநாகம் பூசிய கோண இரும்பைக் கவிழ்த்துப் போட்டு, அதன் முதுகில் பள்ளச் சக்கரம் ஓடவிடவும். பள்ள வடிவத் தண்டவாளத்தை மலிவு என்று போட்டால் அதில் தண்ணீர் நிற்கும். ஒரு வாரம் நின்ற விரல்தடித் தண்ணீரில் கொசுப்புழு நெளிவதைக் கைவிளக்கு அடித்தால் கண்ணால் பார்க்கலாம். தேசிய சுற்றுப்புற வாரிய அதிகாரியும் அதே விளக்கோடு வருவார், அபராதம் வீட்டுக்காரருக்குத்தான்.

காற்றுக்கும் ஒரு கணக்கு போட்டுப் பார்க்க வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரில் 300 நியூட்டன் அளவு அழுத்தும். 5.76 சதுர மீட்டர் கூரையை அது மேலே தூக்கினால் 175 கிலோ எடைக்குச் சமமான விசை. நுரை நிரப்பிய தகடும் சட்டமும் சேர்ந்து கூரை 100 கிலோ என்றால், கட்டாத கூரை பறக்கும். தண்டவாளத்தின் அடியில் கொக்கி போல் நுழையும் கோண இரும்பைப் பக்கத்துக்கு மூன்றாக, 5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுப் பொருத்தினால், ஓடும்போதும் நிற்கும்போதும் பிடித்துக்கொள்ளும்.

தொலைநோக்கியைத் தாங்கும் தூண் நிலத்தில் என்றால் 60 சென்டிமீட்டர் கனசதுர அடித்தளம் போதும். அதன் எடை 520 கிலோ வரும்; இதே அடித்தளத்தை மாடித் தளத்தில் ஊற்றப் பொறியாளரைக் கேட்காமல் நினைக்கவே கூடாது. மாடியில் 60 சென்டிமீட்டர் சதுர எஃகுத் தகட்டின் மேல் இரும்புக் குழாய்த் தூண் நிறுத்தி, அதை வீட்டின் உத்தரத்துக்கோ கட்டடத் தூணுக்கோ நேர் மேலே வைக்கவும். நீர்த்தடுப்புப் படலத்தைத் துளைக்காதீர்கள், கீழ் அறைக் கூரை ஒழுகும். பகல் முழுதும் வெயில் குடித்த கான்கிரீட் தளம் இரவு பத்து மணிவரை வெப்பம் விடும், கோள்கள் கொதிப்பதுபோல் தெரியும். வெள்ளைப் பூச்சும் தொட்டிச் செடிகளும் அதைக் குறைக்கும்.

தூண்மேல் பெட்டி

60 மில்லிமீட்டர் லென்ஸ் கொண்ட சிறிய தொலைநோக்கி, ஹார்மோனிக் கியர் மவுண்ட், ஒரு கேமரா. இவை மட்டுமே என்றால் 70 சென்டிமீட்டருக்கு 70, உயரம் 90 சென்டிமீட்டர் கொண்ட பெட்டியில் எல்லாம் அடங்கும். தரைவீட்டில் முதல் கூடம் அமைக்கும் பெரும்பாலோருக்கு நாங்கள் சொல்வது இதைத்தான். காரணம், ஈரம்.

27 டிகிரி வெப்பத்தில், 90 சதவீத ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் 23 கிராம் நீராவி இருக்கும். அதை 50 சதவீதத்துக்குக் கொண்டுவர 10 கிராம் நீரை எடுக்க வேண்டும். பெட்டியின் கொள்ளளவு 0.44 கன மீட்டர். ஒரு தடவை திறந்து மூடினால் நீக்க வேண்டியது நாலரைக் கிராம். அரைக் கிலோ சிலிக்கா ஜெல் நூறு கிராம் நீரையாவது பிடிக்கும் என்பதால், ரப்பர் அடைப்பு நன்றாக இருந்தால் இருபது தடவை திறக்கலாம். பிறகு அடுப்பில் 120 டிகிரியில் காயவைத்துத் திரும்பப் போட்டால் முடிந்தது. நகரும் கூரைக் கூடத்தில் பதினொன்றரைக் கன மீட்டர். ஒவ்வொரு தடவையும் 115 கிராமுக்கு மேல், அதோடு தண்டவாள இடுக்கு வழியே இரவும் பகலும் கசியும் ஈரம். அங்கே மின்சார ஈரப்பதம் நீக்கி ஓயாமல் ஓட வேண்டும். நம் வெப்பத்துக்கு கம்ப்ரஸர் வகையே நன்றாக வேலை செய்யும். அதன் வாளி நிறைந்தால் இயந்திரம் நின்றுவிடும், குழாய் போட்டு நேரே வடிகாலுக்கு விடவும்.

ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் வாரக்கணக்கில் நின்றால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். முதலில் ஒரு மூலையில் சிலந்தி நூல் போல ஒரு கீற்று. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தால் அது மரம்போல் கிளை விட்டிருக்கும். அந்தக் கட்டத்தில் துடைத்தால் போய்விடும். ஆறு மாதம் விட்டால் பூச்சைத் தின்று கண்ணாடியிலேயே தடம் பதிக்கும்.

பகலில் காற்றாடி ஓட்டி ஈரத்தை வெளியேற்றலாம் என்று பலர் நினைக்கிறார்கள். மழையில்லாத பிற்பகலில் ஈரப்பதம் 60 சதவீதம் அளவுக்கு இறங்குவதும் உண்மை. ஆனால் 33 டிகிரியில் 60 சதவீதமாக இருக்கும் அதே காற்றைப் பெட்டிக்குள் அடைத்து 25 டிகிரிக்குக் குளிரவிட்டால் 93 சதவீதம். நீர் எங்கும் போகவில்லை. காற்றாடி வெப்பத்தைத்தான் குறைக்கும். அதனால் பெரிய கூடத்துக்கு 40 டிகிரிக்கு மேல் மட்டும் ஓடும் காற்றாடியை, நின்றதும் தானே மூடும் மடிப்புக் கதவோடு வைக்கலாம். சிறிய பெட்டிக்கு வேண்டாம். வெள்ளைப் புறச்சுவர், உள்ளே 30 மில்லிமீட்டர் நுரைப்பலகை, மூடிக்கு மேலே விரல் இரண்டு இடைவெளி விட்டு ஒரு நிழல் தகடு. வெயிலை வெளியிலேயே நிறுத்துவதுதான் வழி.

மூடி ஒற்றையாக, பத்து டிகிரி சரிவோடு, நாலு பக்கமும் 40 மில்லிமீட்டர் கீழிறங்கும் உதட்டோடு இருக்கட்டும். அதைத் தள்ளித் திறந்து இழுத்து மூட 12 வோல்ட் ஆக்சுவேட்டர் (மோட்டாரால் நீண்டு சுருங்கும் தண்டு), 750 நியூட்டன் விசை, 300 மில்லிமீட்டர் நீட்சி. சூறைக்காற்று மூடியைத் தூக்கும் விசையைக் கீலிலிருந்து 15 சென்டிமீட்டரில் தாங்க 350 நியூட்டன் போதும். ஆக இது இரு மடங்கு. திருகுத் தண்டு வகை என்பதால் மின்சாரம் இல்லாதபோதும் பிடியை விடாது. நொடிக்கு 10 மில்லிமீட்டர் என்றால் மூட 30 நொடி. அதற்கு முன் கருவி படுக்க 15 நொடி. நகரும் கூரையைவிட இது மெதுவானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும், மவுண்ட் நின்றுபோனால் மூடி கருவியின் மேல் இடிக்கும் என்பதையும். ஆக்சுவேட்டர் இழுக்கும் மின்னோட்டத்துக்கு வரம்பு வைத்து, வரம்பு மீறினால் நிறுத்தி அலறச் செய்வது கட்டாயம். பெட்டி இழக்கும் அரை நிமிடத்தை முன்னெச்சரிக்கையில் திரும்பப் பெற்றுவிடலாம். ஈரத்தில் கிடைக்கும் லாபத்தை வேறு எந்த வழியிலும் பெற முடியாது.

மவுண்ட்: கடையில் கேட்க வேண்டிய கேள்வி

மவுண்டின் அச்சைச் சீராக்க உதவும் துருவ விண்மீன் நமக்கு அடிவானத்தில், ஏதாவது ஒரு கட்டடத்துக்குப் பின்னால். துருவத்தைப் படம்பிடித்துச் சீராக்கும் கேமராக்களும் துருவத் தொலைநோக்கியும் இங்கே பயனில்லாதவை. அவற்றோடு வரும் கருவிப்பொதியை வாங்க வேண்டாம். உச்சிக்கு அருகே மூன்று இடங்களைப் படமெடுத்து விலகலைக் கணக்கிடும் முறை நினா என்ற விண்படமெடுப்பு மென்பொருளில் உண்டு, அது போதும்.

நடுவரை மவுண்டின் முக்கிய அச்சு இங்கே கிட்டத்தட்டத் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும். பல மவுண்டுகள் 10 அல்லது 15 டிகிரிக்குக் கீழே இறங்குவதே இல்லை. இறங்கினாலும் எதிர்எடைத் தண்டு தூணில் முட்டும். வாங்கும்முன் "1 டிகிரிக்கு இறங்குமா, எடை மாட்டியபடி முழுச் சுற்று வருமா" என்று கேட்டு, கடையிலேயே சுற்றிப் பார்க்கவும். எதிர்எடை தேவைப்படாத ஹார்மோனிக் கியர் மவுண்ட் இந்த ஊருக்கென்றே செய்ததுபோல் பொருந்தும். அதன் சுமை ஒரு பக்கமாகத் தொங்குவதால் தூணில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும், முக்காலியில் விட்டுவைக்கக் கூடாது.

குளிரூட்டும் கேமரா சூழலைவிட 35 டிகிரி குறைக்கும் என்று பெட்டியில் போட்டிருந்தால், நம் 27 டிகிரி இரவில் அது −8. அந்த எல்லையில் ஓட்டினால் உணரிமேல் பனி படியும். 0 டிகிரியில் நிறுத்தி, இருட்படங்களையும் (இரைச்சலைக் கழிக்க, ஒளியை மறைத்து எடுப்பவை) அதே வெப்பநிலையில் எடுத்து வைத்துக்கொள்ளவும்.

மழையை முந்துவது

கூரை மூடும் முடிவைக் கணினியிடம் மட்டும் விடாதீர்கள். மழை உணரியின் கம்பி நேராகக் கூரைப் பலகையின் "மூடு" முனைக்கே போகட்டும். கணினிக்குத் தகவல் மட்டும் போதும். ஒளியால் துளியைக் காணும் உணரி ஒன்று, சூடேற்றிய தகட்டு உணரி ஒன்று, இரண்டில் எது சொன்னாலும் மூட வேண்டும். சூடேற்றாத தகட்டு உணரி இரவுப் பனியையே மழை என்று சொல்லும்.

மேக உணரி என்பது வானத்தை நோக்கிய அகச்சிவப்பு வெப்பமானி. குளிர்நாட்டில் தெளிந்த வானம் காற்றைவிட மிகக் குளிர்ந்து தெரியும். நம் காற்றில் நிறைந்த நீராவியே கதிர்வீசுவதால் தெளிந்த வானத்துக்கும் மேகத்துக்கும் உள்ள வேறுபாடு சுருங்கிவிடும். மென்பொருளோடு வரும் இயல்பு எல்லையை விட்டுவைத்தால் எல்லா இரவும் மேகமூட்டம் என்றே காட்டும். கண்ணால் பார்த்துக் குறித்த பத்துப் பதினைந்து இரவுகளின் அளவுகளை வைத்து எல்லையை நீங்களே நிர்ணயிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் மதிப்புள்ளது அரசாங்கத் திறந்த தரவுத்தளம். தீவெங்கும் உள்ள மழைமானிகளின் அளவு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதில் வரும். வீட்டிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் எந்த நிலையத்திலாவது பூஜ்யத்துக்கு மேல் பதிவானால் மூடு என்று பைத்தான் நிரல்மொழியில் இருபது வரி எழுதினால் போதும். மணிக்கு 40 கிலோமீட்டரில் வரும் மழைக்கு அது 15 நிமிட அவகாசம். தரவின் தாமதத்தைக் கழித்தாலும் பெட்டிக்கு வேண்டிய 45 நொடி தாராளமாகக் கிடைக்கும். மேற்குக் கரையோரம் இருப்பவர்களுக்கு மட்டும் சுமத்ராக் காற்றில் இது உதவாது, மழை முதலில் நனைப்பது அவர்களைத்தான். அவர்கள் காற்றின் வேகமானியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மழைக்கு முன் குளிர்காற்று திடீரென்று வீசும். வேகம் சட்டென்று மும்மடங்கானால் மூடிவிடலாம்.

ரிலே, உணரி, கம்பி, இணைப்பான் எல்லாம் சிம் லிம் டவரில் கிடைக்கும். கூரை கடைசிவரை வந்துவிட்டதைச் சொல்லும் லிமிட் சுவிட்சில் நெம்புகோல் வகையை விட்டுக் கண்ணாடிக்குள் அடைத்த காந்த வகையை வாங்கவும். நெம்புகோல் சுவிட்சின் உள்ளே எறும்பு முட்டையிடும். கட்டுப்பாட்டுப் பெட்டியின் இளஞ்சூட்டைத் தேடிப் பல்லி வரும், ரிலேயின் இரு முனைகளுக்கு நடுவே குறுக்கே கருகிக் கிடக்கும், கூரை பாதியில் நிற்கும். காற்றுத் துளைக்கெல்லாம் ஒரு மில்லிமீட்டர் எஃகு வலை, கம்பி நுழையும் இடத்தில் இறுக்கும் வளையம், பலகைக்குப் பாதுகாப்பு அரக்கு. "மூடியிருக்கிறது" என்ற சமிக்ஞை சுற்று முழுமையாக இருந்தால் மட்டும் வருமாறு இணைத்தால், கம்பி அறுந்தால் மூடவில்லை என்றே காட்டும். தவறு நடந்தாலும் அந்தப் பக்கமே நடக்கட்டும்.

இடிக்கு, வீட்டிலிருந்து கூடம்வரை தரவுக்குச் செம்புக் கம்பி வேண்டாம், கண்ணாடி இழை இழுக்கவும். மின்சாரம் உரிமம் பெற்ற மின்பணியாளர் கையால், 30 மில்லிஆம்பியர் கசிவுத் துண்டிப்பானோடும் மின்னெழுச்சிக் காப்போடும் வரட்டும்.

வெளிநாட்டில் வைப்பது

விண்மீன் மண்டலங்கள்தான் ஆசை என்றால் இதுவரை சொன்ன எதுவும் வேண்டாம். ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங்கில் வாடகைக் கருவிகள் உண்டு, நேரமும் நம்மோடு இரண்டு மூன்று மணிதான் வித்தியாசம். சிலியில் சொந்தக் கருவியை வைத்துப் பராமரிக்கும் இடங்கள் இருக்கின்றன. அங்கே இரவு நமக்குப் பகல், அலுவலக நேரத்தில் படம் வந்து விழும். வடிகட்டியால் மீட்க முடியாத இருட்டு அங்கே இலவசம். கையால் திருகும் சுகம் மட்டும் கிடைக்காது. திருகிக் கற்றுக்கொள்ள விரும்புபவர் முதலில் வீட்டில் பெட்டி வைத்து, அதே மென்பொருளில் பழகிய பிறகு போனால், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு திருகாணி தளரும்போது யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

வீட்டில் கட்டுபவர்கள், கட்டி முடித்ததும் தொலைநோக்கியை உள்ளே வைக்க அவசரப்பட வேண்டாம். தரை முழுதும் பழைய செய்தித்தாளை விரித்து, நடுவில் பதிவு செய்யும் ஈரமானி ஒன்றை வைத்து, வடகிழக்குப் பருவமழை கொட்டும் டிசம்பரில் ஒரு மாதம் வெறுங்கூடத்தைத் தினமும் திறந்து மூட விடுங்கள். வாரம் ஒருமுறை, கூரை திறந்திருக்கும்போது மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். இன்னொரு நாள் கணினியின் செருகியைப் பிடுங்குங்கள். மற்றொரு நாள் ஒரு குவளைத் தண்ணீரை மழை உணரிமேல் ஊற்றிக் கைக்கடிகாரத்தைப் பாருங்கள். மாத முடிவில் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் எந்த மூலையில் எத்தனை துளி விழுந்தது என்று வட்டம் வட்டமாகத் தெரியும். வட்டம் இல்லாத தாள் கையில் வந்த பிறகு தொலைநோக்கியை ஏற்றலாம்.